மூண்டாவது செஷன்ல கடகட எண்ட பி16, 220 குதிரை கேட்ட தம்பிக்கு

உப்புவெளியில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், கடிதம் நீளம், சுருக்கித் தாறன். ஹொண்டா ஈகே சிவிக் கார் ஒண்டு வச்சிருக்கிறார், அதுக்குள்ள ரீகண்டிஷன் பி16ஏ எஞ்சின் இறக்கியிருக்கு, கந்தளாய்க்கு வேலைக்குப் போறதும் அதிலதான். போன மாசம் பன்னல ட்ராக்குக்கு ஓட்டிக்கொண்டே போய் ஓடியிருக்கிறார். முதல் ரெண்டு செஷனும் சொர்க்கமாம். மூண்டாவதுல ஒரு நீட்டு வளைவுக்குள்ள ஒயில் லைட் ஒருக்கா மினுங்கிச்சாம், கணக்கெடுக்கல்லயாம், அடுத்த ரெண்டு சுத்துக்குள்ள கீழ இருந்து கடகட சத்தம். இப்ப எஞ்சின் வெளிய கிடக்கு. கேள்வி இதுதான்: "அண்ணா, 220 குதிரை வரவேணும், இனி உடையவும் கூடாது. ஃபோர்ஜ் பிஸ்டன், பெரிய கேம் எல்லாம் போட ரெடி. என்னென்ன வாங்க? ஒரு கராஜ்ல டர்போ போடச் சொல்றாங்க, போடவா?"

தம்பி, சாமான் லிஸ்ட் கேட்டிருக்கிறீங்க, அதுக்கு முதல் எஞ்சின் என்னத்தால செத்தது எண்டு பாப்பம், ஏனெண்டா அந்தக் காரணம் அப்பிடியே இருக்க அதுக்கு மேல 220 குதிரை கட்டினா அடுத்த தரம் கொன்ரொட் (பிஸ்டனைக் கீழ சுத்துற கிராங்க் தண்டோட இணைக்கிற கம்பி) புளொக்கைக் கிழிச்சுக்கொண்டு வெளிய வரும், அவ்வளவுதான் வித்தியாசம் இருக்கும்.

அந்த ஒயில் லைட்டுக்கு வருவம். கம்பனி போட்டுத் தாற லைட் ஒயில் பிரஷர் கிட்டத்தட்ட ஒண்டுமில்லாமப் போன பிறகுதான் பத்தும், அது எச்சரிக்கை லைட் இல்ல, மரண அறிவித்தல். நிலாவெளி றோட்டுல நீங்க எப்பிடிப் பிடிச்சாலும் ஒரு வளைவுல ரெண்டு செக்கன், பிறகு மாடு நிக்கும், இல்லாட்டி பஸ் நிக்கும். ட்ராக்ல நல்ல ரயரோட நீட்டு வளைவுக்குள்ள நாலஞ்சு செக்கன் ஒரே பிடியா பிடிக்கேக்க சம்ப்புக்குள்ள, அதாவது எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தட்டுக்குள்ள, இருக்கிற ஒயில் முழுக்க ஒரு பக்கச் சுவர்ல ஏறி நிக்கும், சாப்பாட்டுக் கோப்பையைச் சரிச்சா சொதி எல்லாம் ஒரு ஓரத்துக்குப் போற மாதிரி. பம்புக்கு ஒயில் எடுக்கிற பிக்கப் குழாய் அது இருந்த இடத்துலயே நிக்கும், ஒயிலுக்குப் பதிலா காத்தை உறிஞ்சும். 8000 ஆர்பிஎம் எண்டா கிராங்க் ஒரு செக்கனுக்கு 133 தரம் சுத்துது. ஒரே ஒரு செக்கன் காத்து போனாலும் அத்தனை சுத்து காய்ஞ்ச பெயாரிங்ல.

இன்னொண்டையும் விளங்கிக்கொள்ளுங்க, நிறைய பாஸ்மாரே இதைப் பிழையாத்தான் நினைக்கிறாங்க. கொன்ரொட்டைத் தாங்கிப் பிடிக்கிறது பம்ப் பிரஷர் எண்டு. பம்பால அந்தப் பாரத்தைத் தாங்க ஏலாது. கிராங்க் சுத்தேக்க அதுவே ஒயிலை ஆப்பு மாதிரி இடுக்குக்குள்ள இழுத்து, தலைமயிரை விட எவ்வளவோ மெல்லிய ஒரு படலத்துக்கு மேல மிதக்குது. பம்பின்ட வேலை அந்த இடத்துக்கு ஓயாம ஒயிலைக் கொண்டுபோய்க் குடுக்கிறது, சுட்ட ஒயிலை ரெண்டு பக்கத்தாலயும் வெளிய தள்ளி சூட்டை எடுத்துக்கொண்டு போறது. அதனால பம்ப் பெருசாக்கிறதுக்கு முதல் பம்புக்கு எப்பவும் ஒயில் கிடைக்கிற மாதிரி செய்யவேணும். சம்ப்புக்குள்ள தகடு வச்சு அறை பிரிச்சு, ஒயில் உள்ளுக்கு வரலாம் வெளிய போக ஏலாது எண்ட மாதிரி கீல் போட்ட கதவு உள்ள பஃபிள் சம்ப் வாங்கலாம், நல்ல வெல்டிங்காரர் இருந்தா செய்விக்கவும் ஏலும். உங்கட லிஸ்ட்ல முதல் சாமான் இது. ட்ராக் நாள்ல டிப்ஸ்டிக்ல ஃபுல் கோட்டுக்கு மேல ஒரு அரை லீற்றர் கூட ஊத்துறது பழைய பழக்கம், அதுவும் செய்யுங்க, கூடவே எஞ்சின் மூச்சோட வாற ஒயிலைப் பிடிக்கிற கேச் கான் ஒண்டும் வைக்கவேணும், இல்லாட்டி அந்த ஒயில் இன்டேக்குக்குள்ள போகும்.

இப்ப 220 குதிரைக் கணக்கு. பி16ஏ 1595 சிசி, போர் 81 மிமீ, ஸ்ட்ரோக் 77.4 மிமீ. ஈகே சிவிக்ல ஹொண்டா இதை 170 பிஎஸ் (மெட்ரிக் குதிரை), 7800 ஆர்பிஎம் எண்டு வித்தது. அதே 1595 சிசில 1997ல வந்த டைப் ஆர், பி16பி, 185 பிஎஸ், 8200ல. உலகத்துலயே இந்த எஞ்சினை நல்லாத் தெரிஞ்ச ஆக்கள் ஹெட் போர்ட் எல்லாம் கையால தேய்ச்சு எடுத்தது 185 எண்டா நீங்களும் நானும் எங்க நிக்கிறம் எண்டு யோசிங்க. பவர் எண்டது டோர்க்கை, அதாவது சுத்துற பலத்தை, ஆர்பிஎம்மால பெருக்கிறது, நியூட்டன் மீற்றர் கணக்குல பெருக்கி 7024ஆல பிரிச்சா பிஎஸ் வரும். டர்போ இல்லாத 1.6ல மேல் ஆர்பிஎம்ல 165 நியூட்டன் மீற்றர் பிடிக்கிறதே பெரிய விசயம். அந்த 165ஐ வச்சு 220 எடுக்கவேணும் எண்டா 9400 வரைக்கும் சுத்தவேணும். 8000ல இருந்து 9400க்குப் போகேக்க ஆர்பிஎம் கூடுறது 17, 18 வீதம், ஆனா பிஸ்டனை மேல இருந்து கீழ பிடிச்சு இழுக்கிற விசை வர்க்கத்துல கூடும், 38 வீதம். அந்த 38 வீதம் முழுக்க கொன்ரொட் போல்ட் ரெண்டுலயும் பெயாரிங்லயும்தான் இறங்குது. அதே 165ஐ 8000ல எடுத்தீங்க எண்டா 188 பிஎஸ். இதுதான் உங்கட நம்பர் தம்பி, 185ல இருந்து 190க்குள்ள, அதுக்கு மேல சுத்தவிடாத லிமிட்டர் 8400ல. கவலையா இருக்கும், தெரியும்.

1991ல லெ மான்ல மாஸ்டா 787பி வெண்ட கதை தெரிஞ்சிருக்கும், நாலு ரோட்டர் எஞ்சின், 24 மணித்தியாலம், 362 சுத்து. அந்த எஞ்சினால இன்னும் கூட சுத்தவும் கூட பவர் தரவும் ஏலும், ஆனா ரேஸுக்கு 9000ல, 700 குதிரைல பிடிச்சு வச்சாங்க. வெல்ல வந்தவங்களே கையைக் கட்டிக்கொண்டு ஓடினாங்க. நாங்க பன்னலக்குப் போய் திரும்பி ஹபரணை காட்டுக்குள்ளால ராத்திரி வீட்ட வரவேணும், அந்த றோட்டுல எஞ்சின் நிண்டா யானையோடதான் பேசவேணும்.

சரி, கட்டுற வேலைக்கு வருவம். சத்தம் வந்த எஞ்சின்ல கிராங்கை நூல் சீலை போட்டு மினுக்கி புது பெயாரிங் போடுறது எங்கட பக்கம் சாதாரணமா நடக்கிற விசயம். செய்யாதீங்க. கிராங்கை வெடிப்பு இருக்கா எண்டு காந்தத் தூள் போட்டுப் பாக்கவேணும், ஒவ்வொரு ஜேர்னலையும் (பெயாரிங் இருக்கிற உருளைப் பகுதி) நாலு இடத்துல மைக்ரோமீற்றர் வச்சு கூம்பலா, முட்டையா எண்டு பாக்கவேணும். சந்தேகம் எண்டா வேற கிராங்க் தேடுங்க. சத்தம் போட்ட கொன்ரொட் எப்பிடியும் கிராங்கைப் பிடிக்கிற பெரிய கண்ணுல நீலம் பாரிச்சிருக்கும், வட்டமும் போயிருக்கும், அதை நம்பேலாது, ஃபோர்ஜ் கொன்ரொட் செட் ஒண்டு வாங்குங்க, பிஸ்டனுக்கு முதல் அதுக்குக் காசு வைங்க.

பிறகு ஒருத்தரும் சொல்லாத விசயம், ஊத்தை. பெயாரிங் தேய்ஞ்சு போன அந்த மினுமினுப்புத் தூள் இப்ப உங்கட எஞ்சின் முழுக்க இருக்கு, ஒயில் ஓடுற துவாரம், பம்ப், ஹெட், விடெக் (மேல் ஆர்பிஎம்ல வால்வ் திறக்கிறதை மாத்துற அமைப்பு) சொலனாய்ட் வடி, எல்லாத்துலயும். நான் தொழில் பழகின புதுசுல கஷ்டப்பட்டு ஒரு எஞ்சின் கட்டினன், எல்லாம் புதுசு, ஒயில் கூலரை மட்டும் பெற்றோலால கழுவிப்போட்டு திரும்ப மாட்டினன். கன மாசம் ஓடல்ல, அதே சத்தம். கூலருக்குள்ள ஒளிச்சிருந்த தூள் முழுக்க புது பெயாரிங்குக்குத்தான் சாப்பாடு போட்டிருக்கு. காசு வாங்காம திரும்பக் கட்டிக் குடுத்தன், அந்தப் பாடத்துக்கு நான் கட்டின ஃபீஸ் அது. கூலர் இருந்தா எறிஞ்சிருங்க, கழுவ ஏலாது. புளொக்ல இருக்கிற ஒயில் கேலரி பிளக் எல்லாம் கழட்டி நீட்டு பிரஷ் விட்டு அடிக்கவேணும், ஒயில் பம்ப் புதுசு.

போர் அடிக்கிறதுக்கு புளொக்கை லேத்துக்குக் குடுக்கேக்க பிஸ்டன் கையில இருக்கவேணும். "81.5க்கு அடிச்சு வைங்க, பிஸ்டன் பிறகு வரும்" எண்டு சொல்லப்படாது. வந்த நாலு பிஸ்டனையும் அளந்து, அந்தந்த பிஸ்டனுக்கு அந்தந்த சிலிண்டர் ஹோன் பண்ணவேணும், அதாவது கல்லால உரசி அளவாக்கவேணும். டோர்க் பிளேட் போட்டு, அதாவது ஹெட் பூட்டின மாதிரி இறுக்கி வச்சு ஹோன் பண்ற இடமா பாத்து குடுங்க, ஹெட் போல்ட் இறுக்கேக்க சிலிண்டர் வட்டம் கொஞ்சம் கோணும், அந்தக் கோணலோட வட்டமாக்கவேணும். ஃபோர்ஜ் பிஸ்டன்லயும் ரெண்டு சாதி இருக்கு, 4032, 2618 எண்ட ரெண்டு அலுமினியக் கலவை. 4032ல சிலிக்கன் கூட, சூட்டுக்குக் குறையத்தான் விரியும், இடைவெளி இறுக்கமா வைக்கலாம், காலையில சத்தமும் குறைவு. 2618 அடி தாங்கும், ஆனா கூட விரியும், இடைவெளி கூட வேணும், தேய்மானமும் கூட. டர்போ இல்லாம தினமும் கந்தளாய் போற காருக்கு 4032 காணும்.

திருகோணமலைக்காரருக்கு எண்டு தனியா ஒண்டு சொல்லவேணும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மத்தியானம் வெளிய 35க்கு மேல போகும், தகரக் கூரை போட்ட கராஜுக்குள்ள எவ்வளவு எண்டு கேக்காதீங்க. அளவு எண்டது உலகம் முழுக்க 20 பாகைக்குத்தான் கணக்கு. 81 மிமீ அலுமினியம் பிஸ்டன் ஒண்டு வெயில்ல கிடந்து புளொக்கை விட 15 பாகை கூடச் சுட்டிருந்தா அது 0.025 மிமீ பெருசாக் காட்டும். நீங்க வைக்கப்போற முழு இடைவெளியே 0.07, 0.08 மிமீதான் எண்டா அதுல மூண்டுல ஒரு பங்கு வெறும் வெயில். புளொக், பிஸ்டன், மைக்ரோமீற்றர் எல்லாத்தையும் ராத்திரி ஒரே மேசையில வச்சுப்போட்டு விடியக்காலமை அளப்பம், நான் அப்பிடித்தான் செய்யிறன், கையுறை போட்டு, மைக்ரோமீற்றரை உள்ளங்கையில பொத்திக்கொண்டு நிக்காம. அடுத்தது கடல் காத்து. புதுசா ஹோன் பண்ணின சிலிண்டரை இஞ்ச ஒரு ராத்திரி சும்மா விட்டா காலையில செம்மஞ்சளா இருக்கும். கழுவுறதும் பெற்றோலால இல்ல, மண்ணெண்ணெயாலயும் இல்ல, அது ஹோன் தூளை கீறலுக்குள்ளயே விட்டுப்போடும். சுடுதண்ணி, சவர்க்காரம், பிரஷ், வெள்ளைச் சீலையால துடைச்சா சீலை வெள்ளையா வாற மட்டும். பிறகு உடன ஒயில் பூசி பொலித்தீன் பையால மூடுங்க.

பெயாரிங் இடைவெளிக்கு பழைய கணக்கு ஒண்டு இருக்கு, ஜேர்னல் விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. பி16 கொன்ரொட் ஜேர்னல் 45 மிமீ அளவு, அப்ப 0.045 கிட்ட. பிளாஸ்டிகேஜ் எண்ட பிளாஸ்டிக் நூலை நசுக்கிப் பாத்தா சும்மா ஒரு உறுதிக்கு நல்லம், முடிவு எடுக்கிறது மைக்ரோமீற்றரும் போர் கேஜும். டொப் ரிங் வாய் 0.32 மிமீக்குக் குறையப்படாது, சுட்டு விரிஞ்சு ரெண்டு நுனியும் முட்டினா ரிங் பிஸ்டனோட உடையும், கொஞ்சம் கூடினா ஒண்டும் வராது. கொன்ரொட் போல்ட்டை டோர்க் ரென்ச் "டிக்" எண்ட உடன விட்டுப்போட்டுப் போகாதீங்க. நீங்க குடுக்கிற பலத்துல பத்துல ஒம்பது பங்கு உராய்வுக்கே போகுது, போல்ட்டை இழுக்கிறது மிச்சம்தான், ஒயில் பூசினா ஒரு கதை, கம்பனி குடுக்கிற கிரீஸ் பூசினா வேற கதை. போல்ட் எவ்வளவு நீண்டது எண்டு ஸ்ட்ரெச் கேஜ் வச்சு அளந்து இறுக்குங்க. புது போல்ட் போட்டா பெரிய கண்ணைத் திரும்ப வட்டம் பாக்கவும் வேணும்.

வால்வைத் திறக்கிற கேம் விசயத்துல பேராசைப்படாதீங்க. நடுத்தரக் கேம், அதுக்குச் சேர்ந்த வால்வ் ஸ்பிரிங், ஹெட்ல சீட் நல்லா வெட்டி வால்வ் இருத்தினா காணும். பூட்டேக்க பிஸ்டன் தலையில களிமண் வச்சு கையால சுத்தி வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில எவ்வளவு இருக்கு எண்டு பாருங்க, இன்டேக் பக்கம் ஒண்டரை மிமீக்கு மேல, எக்ஸோஸ்ட் பக்கம் ரெண்டுக்கு மேல. ரைமிங் பெல்ட் அறுந்தா வால்வ் பிஸ்டன்ல அடிக்கிற சாதி எஞ்சின் இது, பெல்ட் புதுசு போடுறதைப் பற்றி பேச்சே இல்ல. லிமிட்டர் வச்சிருக்கு எண்டு நாலாம் கியருக்குப் போறன் எண்டு ரெண்டைப் போட்டீங்க எண்டா ஒரு லிமிட்டராலயும் காப்பாத்தேலாது, ரயர்தான் எஞ்சினைச் சுத்தும், அதனால தேய்ஞ்ச கியர் மவுண்டையும் மாத்துங்க.

சூடு. இஞ்ச ரீகண்டிஷன் எஞ்சின் இறக்கின பத்துக் காரைத் திறந்தா பாதிக்கு மேல தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி எறிஞ்சிருப்பாங்க, "எங்கட நாட்டுச் சூட்டுக்கு அது தேவையில்ல" எண்டு. உங்கடதுல இருக்கா எண்டு பாருங்க. அது இல்லாட்டி காலையில எஞ்சின் சுடுறதுக்கு கன நேரம், எஞ்சின் கொம்பியூட்டர், ஈசியு, இன்னும் குளிர் எண்டு நினைச்சு பெற்றோலை அள்ளி ஊத்தும், அது சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஒயிலைக் கழுவும், ரிங் தேயும், ஒயில்லயும் பெற்றோல் கலக்கும். ட்ராக்ல சுடுறது வேற காரணத்தால. ரேடியேட்டருக்கு முன்னால வாற காத்து அதுக்குள்ளால போகாம சுத்திப் போகுது, அந்த ஓட்டை எல்லாம் தகடும் ஃபோமும் வச்சு அடையுங்க, செலவு இல்லாத வேலை. ரேடியேட்டர் மூடி 1.1 பார் நல்லதா இருக்கவேணும், அந்த அமுக்கத்துலதான் தண்ணி 120 தாண்டும் மட்டும் கொதிக்காம நிக்கும். கிணத்துத் தண்ணி ஊத்தாதீங்க, எங்கட கரைப் பக்கத் தண்ணியை கேத்தல்ல காய்ச்சினாலே அடியில வெள்ளை பிடிக்குது, அதேதான் எஞ்சினுக்குள்ளயும். கூலன்ட்டும் டிஸ்டில் தண்ணியும்.

தெர்மோஸ்டாட் உள்ள புது ஒயில் கூலர் ஒண்டு போடுங்க, ஒயில் பிரஷர், ஒயில் சூடு ரெண்டுக்கும் மீற்றர், அதோட மூஞ்சிக்கு நேர பெரிய சிவப்பு லைட், 4000 ஆர்பிஎம்முக்கு மேல 40 பிஎஸ்ஐக்குக் கீழ போனா பத்துற மாதிரி. 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ எண்டது தெரிஞ்ச கணக்கு. ஒயில் சூடு 120 பாகை வரைக்கும் பயமில்ல, 130 கண்டா காலை எடுத்து ஒரு சுத்து மெதுவா போங்க. சீனக்குடாவில வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கி வரிசையா நிக்கிற ஊர்ல இருந்துகொண்டு ஒயில் மாத்துறதுல கஞ்சத்தனம் பிடிக்கப்படாது, ஒவ்வொரு ட்ராக் நாளுக்குப் பிறகும் மாத்துங்க, 10டபிள்யூ-40 நல்ல சிந்தெட்டிக், கழட்டின ஃபில்டரை வெட்டி விரிச்சு வெயில்ல பாருங்க. மினுங்கினா எனக்குச் சொல்லுங்க, ஓடாதீங்க.

கொம்ப்ரஷன் விகிதம் 11க்குள்ள நிக்கட்டும், 95 பெற்றோலுக்கு அது சரி. டியூன் பண்ணேக்க பவர் அளக்கிற டைனோல ஏத்தி, ஃபுல் த்ரொட்டில்ல லாம்ப்டா (காத்து, பெற்றோல் கலவை அளவு) 0.88 அளவில, இக்னிஷன் ரைமிங்ல உச்ச பவர் கிடைக்கிற இடத்துல இருந்து ஒண்டு ரெண்டு பாகை பின்னால வச்சுத் தரச் சொல்லுங்க. போற வழியில 92தான் கிடைச்சது எண்டு அடிச்சுப்போட்டு அதே டியூன்ல ட்ராக்ல ஏறப்படாது, பெற்றோல் பிழையா வெடிக்கிற நொக் சத்தம் ஹெல்மெட்டுக்குள்ள கேக்காது, பிஸ்டன் ரிங் இருக்கிற வரம்பு உடைஞ்ச பிறகுதான் தெரியும்.

டர்போ? போடலாம், 220 சும்மா வரும், 250உம் வரும். ஆனா அந்தப் பவருக்குரிய சூட்டை 20 நிமிஷம் ஒரே மூச்சா வெளிய அனுப்ப ரேடியேட்டர், இன்டர்கூலர், பெரிய ஒயில் கூலர், வேற பிஸ்டன், வேற டியூன். அந்த முழுச் செலவுக்கும் உங்களிட்ட காசு இருந்தா வாங்க பேசுவம், டர்போவை மட்டும் வாங்கிப் பூட்டுறதுக்கு எண்டா நான் வரல்ல.

பூட்டின பிறகு முதல் 20, 30 நிமிஷம் மினரல் ஒயில்ல, ஐடில்ல விட்டுப்போட்டு தேத்தண்ணி குடிக்கப் போகாம, பாரம் குடுத்து விட்டு, பாரம் குடுத்து விட்டு ஓட்டுங்க, கன்னியா தாண்டி ஹொரவப்பொத்தானை றோட்டு விடியக்காலமையில நல்ல இடம். ரிங் இருக்கிறது அந்த அரை மணித்தியாலத்துலதான். ஒயிலையும் ஃபில்டரையும் மாத்திப்போட்டு ஆயிரம் கிலோமீற்றர் கந்தளாய்க்கே போய் வாங்க, பிறகு ட்ராக்.

பழைய பெயாரிங்கை எறிஞ்சிராதீங்க. கொன்ரொட் பெயாரிங் எட்டுத் துண்டையும் எந்த சிலிண்டர், மேல் துண்டா கீழ் துண்டா எண்டு பேப்பர் ஒட்டி எழுதி ஒரு டப்பாவில போட்டுக் கொண்டு வாங்க, தேய்மானத்தைப் பாத்தா ஒயில் இல்லாம போனதா, நொக்கால அடி வாங்கினதா எண்டு சொல்லலாம், அதுக்குப் பிறகு சாமான் ஓடர் பண்ணுவம். சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் கடை திறந்திருக்கும்.